பேனா தாண்டிய வரி

முகாமின் முதல் நாள் காலையில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருவர், மூச்சுவிடுவது மாதிரி என்றார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், எழுதாவிட்டால் செத்துப்போய்விடுவேன் என்றாள். பார்த்தால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிற பெண்ணாகத்தான் தெரிந்தாள். என் முறை வந்தது. "எழுதித் தரச் சொல்லி ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க, அதனால எழுதறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

என் பெயர் பிரபா. ஊர், பெருநகர் என்கிற கிராமம். உத்திரமேரூர் தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் மேஜை போட்டு, இருபத்திரண்டு வருஷமாக மனு எழுதுகிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், சாய்ந்துபோன கரண்ட் கம்பம், அடிக்கிற மருமகன், எதுவானாலும் ஒரே பக்கத்தில் முடித்துவிடுவேன். யார், எந்த ஊர், என்ன கஷ்டம், என்ன வேண்டும். இதை ஒரு பக்கத்தில் சொல்லத் தெரியாதவர்கள் பத்துப் பக்கம் கொடுத்தாலும் சொல்லமாட்டார்கள்.

கதை எழுத ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு கதைகள் பத்திரிகையில் வந்தன. மானாம்பதியில் ஒரு மாந்தோப்புக்குள் இருக்கிற பயிற்சி மையத்தில் எழுத்தாளர்களுக்கு ஏழு நாள் கோடை முகாம் என்று விளம்பரம் பார்த்ததும், எனக்குத் தெரியாத விண்ணப்பமா என்று எழுதிப் போட்டேன். கிடைக்கவில்லை என்றால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் அங்கேயேதான் தங்க வேண்டும், இடையில் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது விதி. பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்ட என் கணவர் மோகன்குமார், "பக்கத்து ஊருக்குப் பொட்டியோட வந்து தங்கிக்கினு கத எய்தறவ நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முகாமை நடத்தியவர் ஸ்வாமிநாதன் என்ற ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். சென்னையில் சின்னதாக ஒரு பதிப்பகம் வைத்திருக்கிறார். முகாம் முடிந்ததும் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுவார். வந்தவர்களின் கதைகளைப் படித்துத் திருத்தம் சொல்ல தேஜஸ்வினி என்ற நாவலாசிரியை வந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். மூன்று நாவல் எழுதிவிட்டாள், அதனால் அவளிடம் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொண்டேன். கையோடு கொண்டுபோயிருந்த கதையை முதல் நாளே அவளிடம் கொடுத்துவிட்டேன். அது நல்ல கதை. எனக்கே தெரியும்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். சாம்பார் வாளியோடு வரிசையில் வந்த அம்மாள் என் இலைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"எம்மா, நீ மனு எய்தற பொண்ணுதானே? இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

அவள் செங்கேணி. மாகறல்காரி. அறுபத்தைந்து இருக்கும். நடவு, களையெடுப்பு என்று இருந்தவள், முட்டி ஒத்துழைக்காததால் இப்போது கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் சமையல் ஆட்களோடு போகிறாளாம். இந்த ஏழு நாளும் இங்கேதான் வேலை. இரண்டு கரண்டி சாம்பாரைக் கூடுதலாக ஊற்றி, "நல்லா துண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

தேஜஸ்வினியிடம் நான் கொடுத்திருந்தது இந்தச் செங்கேணியின் கதை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் செங்கேணி முதியோர் பென்ஷனுக்கு மனு எழுத வந்தாள். புருஷன் போய்ப் பல வருஷம். ஒரே மகன் ஜெகன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணமான புதிதில் மருமகளை இவள் ஒரு வார்த்தை சொல்லிவிட, அவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனவன்தான். வரவும் இல்லை, போன் செய்யவும் இல்லை. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் எழுதினேன். மகன் இருக்கிறான் என்று எழுதினால், அப்புறம் உனக்கென்ன ஆதரவில்லாத குறை என்று மனு திரும்பி வரும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் நம்புகிற விஷயம். அதனால் இப்படிப்பட்ட மனுவில் வழக்கமாக ஒரு வரி போடுவோம். "எனக்கு ஆண் வாரிசு எவரும் இல்லை." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வரி. கை தானாக எழுதிவிட்டது.

எழுதி முடித்ததும் படித்துக் காட்டுவது என் வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கிற காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவர்கள் காது கேட்டாக வேண்டும். வரிக்குக் கீழே பேனா முனையை ஓட்டிக்கொண்டே படிப்பேன். அன்றும் படித்தேன். அந்த வரி வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். பெற்றவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். படிக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அவள் கைநாட்டு வைத்தாள். பென்ஷன் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கிய ஒரே வரி அதுதான், நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். அதைத்தான் கதையாக எழுதியிருந்தேன். ஊர், பெயர் எதையும் மாற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தேஜஸ்வினி என்னைத் தேடிக்கொண்டு மாமரத்தடிக்கே வந்தாள்.

"இந்த முகாம்ல வந்ததுலயே இதான் பெஸ்ட். புக்ல முதல் கதை உங்களோடது. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி டைனிங் ஹால்ல நீங்கதான் படிக்கிறீங்க. அந்தக் கடைசி இடம், அந்த அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு கைநாட்டு வைக்கிறது, அதுல ஒரு வார்த்தையக்கூடத் தொடாதீங்க."

சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் டைனிங் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பது ஒரு ஜன்னல். பாத்திரங்களை அதன் வழியாகத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அங்கே படித்தால் சாம்பார் கொதிக்கிற இடம் வரைக்கும் கேட்கும்.

"அந்த அம்மாதான் நமக்குச் சாம்பார் ஊத்தறாங்க" என்றேன்.

தேஜஸ்வினி என்னைப் பார்த்தாள், சமையலறைப் பக்கம் பார்த்தாள். ஸ்வாமிநாதன் சாரிடம் போகலாம் என்றாள்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர்தான். "பேரை மாத்திடுங்கோ. ஊரை மாத்திடுங்கோ. அன்னிக்கு அந்த அம்மாவுக்கு வேணா அரை நாள் லீவு கொடுக்கச் சொல்றேன். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்கோ, எழுதி முடிச்சப்புறம் அது உங்க கதை. யாருகிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்லை."

"எங்க தொழில்ல எழுதி முடிச்சப்புறம் அது கைநாட்டு வைக்கிறவங்களோடது சார்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "ஒரு வாட்டி அவங்களுக்குத் தெரியாம எழுதினேன். இப்ப லீவு கொடுத்து வெளிய அனுப்பிட்டு அதையே படிக்கச் சொல்றீங்களா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. படிக்க முடியாது என்றால் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள், வேறு யாரையாவது படிக்கச் சொல்கிறேன், புத்தகத்திலும் அவர் கதையே முதலாக வரட்டும் என்றார். நியாயம்தான். ஆனால் அந்த முதல் இடம் எனக்கு வேண்டும். அடக்கமாக இருப்பதுபோல் நடிக்க எனக்கு வராது. அது நான் உழைத்து எழுதிய கதை, முதலில் வரத் தகுதியான கதை.

புதன்கிழமை முழுக்க செங்கேணியின் கண்ணில் படாமல் திரிந்தேன். முடியவில்லை. காலையில் நாஷ்டாவுக்குப் போனால் எனக்கு மட்டும் இரண்டு வடை. "வூட்ட வுட்டு வந்துகீற, இளைச்சிப் பூடப் போற" என்றாள். என் வீடு எவ்வளவு தூரம் என்று அவளுக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம், இந்தப் பொண்ணு எழுதிக் கொடுத்துத்தான் எனக்குப் பென்ஷன் வருது என்று பெருமையாகச் சொன்னாள். கையில் பிடிபடாத மனு என்று இதுவரை ஒன்றும் எனக்கு வந்ததில்லை. இது பிடிபடவில்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. வியாழக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்த பிறகு, கதைத் தாள்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் பின்பக்கம் போனேன். தகரக் கொட்டகை நிழலில் செங்கேணி தனியாகக் காலை நீட்டி உட்கார்ந்து, முறம் நிறைய சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, உன்னப் பத்தி ஒண்ணு எழுதிக்கீறேன். படிச்சுக் காட்டறேன், கேளு."

"இன்னா, பென்ஷன நிறுத்தப் போறாங்களா?"

"மனு இல்லக்கா. கதை. நாளைக்கு எல்லாருக்கும் முன்னாடி படிக்கச் சொல்றாங்க. நீ வேணான்னா படிக்க மாட்டேன்."

"கதயா." அவள் ஒரு வெங்காயத்தின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "படி."

பக்கத்தில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டேன். பழக்கம் விடவில்லை, பேனாவை எடுத்து வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டே படித்தேன். அவள் மாகறலிலிருந்து பஸ் ஏறி வந்ததைப் படித்தேன். மருமகளைச் சொன்ன வார்த்தையைப் படித்தேன். "ஆமா, வாய் சும்மா இல்ல எனக்கு" என்றாள். நான் மனு எழுதியதைப் படித்தேன். பிறகு அந்த வரி வந்தது. கதையில் அதைத் தனி வரியாக, மனுவில் இருந்தபடியே எழுதியிருந்தேன். நான் செய்ததைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

"தாண்டிச்சி" என்றாள் செங்கேணி.

"என்னக்கா?"

"பேனா ஒரு வரி தாண்டிச்சி. அன்னிக்கும் இப்படித்தான் தாண்டிச்சி." வெங்காயத்தை வைத்துவிட்டு என் பேனா முனையைக் காட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. பேனா போறது தெரியாதா? நாத்து நடறவ நான், ஒரு வரி வுட்டா கண்ணுக்குத் தெரியாமப் பூடுமா?"

நான்கு வருஷமாக அவளுக்குத் தெரியும். நான்தான் தெரியாது என்று நினைத்துக்கொண்டு இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கதை வேறு எழுதியிருக்கிறேன்.

"தெரிஞ்சிக்கினே ஏன்க்கா கைநாட்டு வெச்ச?"

"இன்னாவோ எங்கிட்டச் சொல்லக் கூச்சப்படறன்னு நெனச்சேன். கூச்சப்படறவ கெடுதல் எய்த மாட்டா." மறுபடி முறத்தை இழுத்துக்கொண்டாள். "அப்பால வி.ஏ.ஓ. விசாரிக்க வூட்டாண்ட வந்தாரு. இன்னாம்மா, புள்ள இல்லன்னு போட்டுக்கீது, மெய்தானான்னு கேட்டாரு. அப்பத்தான் அந்த வரி இன்னான்னு தெரிஞ்சிது. ஆமா சார், இல்லன்னேன். நீ கையால எய்தின. நான் வாயால சொன்னேன். நீ மட்டும் இன்னாத்துக்குப் பேஜாராவுற?"

நான் தாள்களை மடிக்கப் போனேன்.

"தாண்டாமப் படி" என்றாள்.

பேனாவை மேலே ஏற்றி அந்த வரிக்குக் கீழே வைத்தேன். எனக்கு ஆண் வாரிசு எவரும் இல்லை. உரக்கப் படித்தேன். அவள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயம் கையிலேயே இருந்தது. மீதிக் கதையையும் முடித்தேன், கடைசியில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைநாட்டு வைக்கிற இடம் வரைக்கும்.

"நான் எங்க அயுதேன்?"

"அழலையாக்கா?"

"அன்னிக்கு எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடிச்சி. உச்சி வெயிலு, கண்ணு கூசிச்சி, தொடச்சேன். அயுதேன்னு எய்தாத. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க."

அந்த இடத்தில் கோடு போட்டு அடித்தேன். தேஜஸ்வினி என்ன சொல்வாள் என்று தெரியும். சொல்லட்டும்.

"இது சர்க்காருக்குப் போற காயிதமா?" என்று கேட்டாள் செங்கேணி.

"இல்லக்கா. புஸ்தகம். ஜனங்க படிக்கிறது."

"இதுல பொய் எய்தினாத்தான் குடுப்பாங்கன்னு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல."

"அப்ப எம்புள்ள கீறான்னு எய்து." முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "ஜெகன்னு பேரு. எடது புருவத்துல ஒரு வெட்டு கீது. எட்டு வயசுல பம்பு செட்டு தொட்டியில குதிச்சி ஒடைச்சிக்கினான். ரத்தம் நிக்கவே இல்ல, தூக்கிக்கினு உத்திரமேரூர் வரைக்கும் ஓடினேன். மீன் கொயம்புன்னா அவனுக்கு உசுரு. அத்தயும் எய்து."

எழுதினேன். எழுத எழுத ஒன்று உறைத்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எக்கா, உன் பேரும் அவன் பேரும் ஊரும் அப்படியே புஸ்தகத்துல வந்தா, யாராவது படிச்சுட்டு ஆபீசுக்குப் புகார் எழுதிப் போடுவாங்க. உன் பென்ஷன் நின்னுடும். எல்லாப் பேரையும் மாத்திடறேன்."

அவள் வெங்காயச் சருகுகளைக் கையால் கூட்டிக் குவித்தாள். பிறகு சொன்னாள்.

"என் பேர மாத்திக்கோ. ஊர மாத்திக்கோ. வோணும்னா நான் செத்துட்டேன்னுகூட எய்திக்கோ. அவன் பேர மட்டும் தொடாத. ஒரு வாட்டி இல்லன்னு எய்தியாச்சி, போதும்."

அப்போதும் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அதை இங்கே எழுத எனக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

எழுதிச் சேர்த்ததை எல்லாம் முதலிலிருந்து இன்னொரு முறை படித்துக் காட்டினேன். பேனா ஒரு வரிகூடத் தாண்டவில்லை. அவள் கண் பேனாவை விட்டு நகரவில்லை. முடிந்ததும், "சரியாக் கீது" என்றாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கட்டை விரலை நீட்டினாள்.

"எங்க வெக்கணும்?"

கதைக்குக் கைநாட்டு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. என் பையில் துணி இருக்கிறதோ இல்லையோ, மைப்பெட்டி எப்போதும் இருக்கும். ஓடிப்போய் எடுத்து வந்தேன். கடைசித் தாளின் அடியில் ஒரு கோடு கிழித்தேன். அவள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை நான்தான் படித்தேன். இருபத்திரண்டு பேருக்கு முன்னால், மைக் இல்லாமல். பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவில் படித்துக் காட்டிப் பழகிய குரல் எனக்கு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் செங்கேணி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். மீன் குழம்பு வந்த இடத்தில் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஏதோ சொன்னாள். முடித்ததும் கை தட்டினார்கள். கோயம்புத்தூர்ப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தேஜஸ்வினி மட்டும் எழுந்து வந்து, "அந்த முந்தானை இடத்தை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"அவங்க அழலை. வெயில்" என்றேன். அவள் யோசித்துவிட்டு, வெயிலும் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

ஸ்வாமிநாதன் சார் தாள்களை வாங்கிப் புரட்டினார். கடைசித் தாளில் நின்றார். நீலமாக இருந்த கைநாட்டை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இது என்ன பிரபா?"

"அது இல்லாம நான் எதையும் யாருகிட்டயும் கொடுக்கறதில்ல சார்."

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குள் சோறு வந்துவிட்டது, எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

புத்தகம் வந்துவிட்டது. என் கதைதான் முதலில் இருக்கிறது. இங்கே நான் சொன்னதில் செங்கேணி என்பது அவள் பெயர் இல்லை. மாகறல் அவள் ஊர் இல்லை. தேடிப் போகிறவர்கள் அலைந்துவிட்டு வரலாம். ஜெகன் மட்டும் ஜெகன்தான். இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்கும். ஒரகடம் பக்கம் எங்கேயாவது அவனைப் பார்த்தால், நீ இருக்கிறாய் என்று உன் அம்மா கைநாட்டு வைத்திருக்கிறாள் என்று சொல்லுங்கள்.